முன்பு வைத்த கதிரும் பின்பு ஏற்றும் மருந்தும்: மீண்டு வரும் கருப்பை வாய்ப் புற்றுநோயில் எதிர்ப்பாற்றல் சிகிச்சை

கேள்வி

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சையை முழுதாக முடித்துக்கொண்டு வீடு திரும்பிய பெண்ணுக்கு ஓரிரு ஆண்டுகளில் நோய் மீண்டும் தலைகாட்டினால் என்ன செய்வது? பத்தாண்டுகளுக்கு முன்புவரை மருத்துவர்களிடம் இதற்கு இருந்த பதில் சிறியது. பெரும்பாலோருக்குக் கீமோ, மிகச் சிலருக்குக் கடினமான அறுவை, மற்றவர்களுக்கு வலிதணிப்பு. இப்போது எதிர்ப்பாற்றல் சிகிச்சை எனப்படும் இம்யூனோதெரபியும் அந்தப் பதிலில் சேர்ந்திருக்கிறது. கூடவே ஒரு புதிய ஐயமும் வந்திருக்கிறது. முன்பு வைத்த கதிர் இந்த மருந்துக்குத் துணை செய்கிறதா, தடையாக நிற்கிறதா?

இந்தக் கேள்வியை உலக மருத்துவ இதழ்களிலிருந்து மட்டும் பார்த்தால் போதாது. நெய்வேலிச் சுரங்கங்களுக்கு அருகே, முந்திரித் தோப்புகள் சூழ்ந்த முத்தாண்டிக்குப்பத்திலிருந்தும் பார்க்க வேண்டும். அங்கே ஒரு பெண்ணுக்கு இந்த நோய் வந்தால், அவர் புதுச்சேரி ஜிப்மருக்கோ, ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னைக்கோ போக வேண்டும். அங்கே கதிர்வீச்சு பெற்று, ஊர்ப்பேச்சில் சொன்னால் ‘கரண்ட் வைத்து’, ஊர் திரும்புகிறார். இரண்டாம் முறை நோய் வரும்போது அவர் சேரும் மருத்துவமனை வேறொன்றாக இருக்கலாம். முதல் முறை எந்த இடத்தில், எவ்வளவு கதிர், எத்தனை நாளில் வைக்கப்பட்டது என்ற விவரம் அவர் கையிலிருக்கும் கோப்பில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

‘கதிர் பெற்றவரா, பெறாதவரா’ என்று இரண்டாகப் பிரித்துக் கேட்கும் கேள்வி நம் நாட்டுக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். இங்கே நோய் மீண்டு வரும் பெண்களில் மிகப் பெரும்பாலோர் கதிர் பெற்றவர்கள். எங்கே வைத்தார்கள், எப்போது வைத்தார்கள், கட்டி எந்த இடத்தில் திரும்பியது, இரத்தத்தில் லிம்போசைட் செல்கள் எவ்வளவு மீண்டிருக்கின்றன என்று கேட்டால்தான் அந்தப் பெண்ணுக்குப் பயன்படும் விடை கிடைக்கும்.

நம் மருத்துவமனைகளில் கதிர்

சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பட்டது. 1957-இல் அங்கே கோபால்ட்-60 கருவி வந்தது. மருத்துவர்கள் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் அங்கே கட்டியெழுப்பிய சிகிச்சை மரபில் கதிர்வீச்சுக்கு மைய இடம் இருந்தது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் 1969 முதல் இயங்கும் அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும் வட தமிழகத்து ஏழைகளுக்கு இதே வழியைத் திறந்துவிட்டது. நோய் முற்றிய பிறகே பெண்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள் என்பதால் அறுவைக்கான கட்டத்தைப் பலர் கடந்திருந்தார்கள். கதிரே அவர்களுக்குக் கிடைத்த சிகிச்சை. நிலை இன்றும் பெரிதாக மாறவில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022 மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓர் ஆண்டில் 1,27,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்குப் புதிதாகக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வருகிறது, ஏறத்தாழ 80,000 பேர் இறக்கிறார்கள்.

இன்றைய சிகிச்சை முறை 1999-இல் வெளியான ஐந்து சோதனைகளின் மேல் நிற்கிறது. இடுப்புப் பகுதிக்கு வெளியிலிருந்து ஐந்து வாரங்களில் 25 தவணைகளாக 45 முதல் 50 கிரே கதிர். வாரம் ஒருமுறை உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 40 மில்லிகிராம் சிஸ்பிளாட்டின் எனும் கீமோ மருந்து. பிறகு கருப்பை வாய்க்குள்ளேயே கதிர்மூலத்தை வைக்கும் பிராக்கிதெரபி. மொத்தமும் எட்டு வாரங்களுக்குள் முடிய வேண்டும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் கட்டியைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு அரை முதல் ஒரு விழுக்காடு குறைகிறது என்று பழைய ஆய்வுகள் காட்டின.

இந்த முறை நம் பெண்களுக்கும் பொருந்துகிறதா என்பதை மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை தனியாகச் சோதித்துப் பார்த்தது. மூன்றாம் நிலை ‘பி’ கட்டத்தில் இருந்த 850 பெண்களை இரு பிரிவாக்கி 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். சிஸ்பிளாட்டினும் கதிரும் சேர்த்துப் பெற்றவர்களில் ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தோர் 54 விழுக்காடு, கதிர் மட்டும் பெற்றவர்களில் 46 விழுக்காடு. இந்திய மருத்துவ வரலாற்றில் நான் மிக மதிக்கும் சோதனைகளில் இது ஒன்று. சிறந்த பிரிவிலும் பாதியை நெருங்கும் பெண்கள் ஐந்தாண்டைத் தாண்டவில்லை என்பதையும் அது மறைக்கவில்லை. எதிர்ப்பாற்றல் சிகிச்சையின் வாசலில் இன்று நிற்பவர்கள் இவர்களைப் போன்ற பெண்களே. நோய் திரும்பும் நேரத்தில் அவர்கள் இடுப்பு ஏற்கெனவே கதிர் வாங்கியிருக்கிறது.

ஆய்வகம் காட்டும் இரு முகங்கள்

கருப்பை வாய்ப் புற்றுநோயில் பெரும்பாலானவை எச்.பி.வி. எனும் வைரஸால் வருபவை. அதன் இ6, இ7 எனும் இரு புரதங்கள் புற்றுச் செல்லுக்குள் தொடர்ந்து உற்பத்தியாகின்றன. உடலுக்கு அந்நியமான புரதம் என்பதால் டி செல்கள் அவற்றை அடையாளம் காண முடியும். கட்டி அந்த டி செல்களை அடக்கித் தப்புகிறது. டி செல்லின் மேலிருக்கும் பி.டி.-1 எனும் ஏற்பியைக் கட்டியின் பி.டி.-எல்1 புரதம் பிடித்துக்கொண்டால் டி செல் செயலிழக்கிறது. பி.டி.-1 ஐக் கண்டறிந்த தசுகு ஹோன்ஜோ 2018-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். பெம்புரோலிசுமாப், நிவோலுமாப், செமிப்ளிமாப் ஆகிய மருந்துகள் பி.டி.-1 ஐயும், துர்வாலுமாப், அடெசோலிசுமாப் ஆகியவை பி.டி.-எல்1 ஐயும் மறித்து, அந்தப் பிடியை விடுவிக்கின்றன.

கதிர் இந்த ஏற்பாட்டில் எங்கே நுழைகிறது? கதிர் பட்டுச் சிதையும் செல்லிலிருந்து கட்டியின் புரதங்கள் வெளியே கொட்டுகின்றன. உடைந்த டி.என்.ஏ. துண்டுகள் செல்லின் உட்பாய்மத்துக்குள் வந்துவிட, வைரஸ் புகுந்துவிட்டதைப் போல ‘ஸ்டிங்’ எனும் எச்சரிக்கைப் பாதை விழித்துக்கொண்டு இன்டர்ஃபெரானைச் சுரக்கச் செய்கிறது. புரதத்துண்டுகளை டி செல்லுக்குக் காட்டும் எம்.எச்.சி. மூலக்கூறுகள் செல்லின் மேற்பரப்பில் பெருகுகின்றன. கட்டியில் பி.டி.-எல்1 உம் கூடுகிறது. அது கட்டியின் தற்காப்பு. மறிக்கும் மருந்து கையில் இருக்கும்போது அதுவே மருந்து பாய வேண்டிய இலக்காகவும் ஆகிறது. கதிர் படாத இடத்திலும் கட்டி சுருங்கலாம் என்று 1953-இலேயே மோல் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதினார். 2012-இல் தோல் மெலனோமா நோயாளி ஒருவரிடம் இம்யூனோதெரபியோடு சேர்த்து அத்தகைய விளைவு பதிவானபோது மருத்துவ உலகம் பரபரத்தது. அந்தப் பரபரப்பு அளவுக்கு மீறியது என்பது என் கருத்து. ஒற்றை நோயாளிகளின் அதிசயங்கள் பதிவாகும் வேகத்தில் அவை நிகழாத நூற்றுக்கணக்கானோர் பதிவாவதில்லை.

மறுமுகம் இவ்வளவு பேசப்படுவதில்லை. நம் நோயாளிகளுக்கு அதுவே முக்கியம். டி செல்களை உள்ளடக்கிய லிம்போசைட்டுகள் உடலிலேயே கதிருக்கு மிக எளிதில் இரையாகும் செல்களுள் அடங்கும். கட்டியைக் கொல்லத் தேவைப்படும் அளவில் மிகச் சிறு பங்கே அவற்றை அழிக்கப் போதும். வயது வந்தவரின் உடலில் இரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையில் பாதியை நெருங்கும் பங்கு இடுப்பெலும்பிலும் கீழ் முதுகெலும்பிலும் தொடையெலும்பின் மேல்முனையிலும் இருக்கிறது. கருப்பை வாய்க்கு வைக்கும் கதிர் இவற்றின் ஊடாகவே போகிறது. ஐந்து வாரத்தில் இடுப்பின் வழியே பாயும் இரத்தமும் திரும்பத் திரும்பக் கதிர்படுகிறது. விளைவாக லிம்போசைட் எண்ணிக்கை சரிந்து, பலருக்கு மாதக்கணக்கில் மீளாமல் கிடக்கிறது. எதிர்ப்பாற்றல் மருந்து தானே புற்றுச் செல்லைக் கொல்வதில்லை. லிம்போசைட்டுகளின் தடையை நீக்குவதோடு அதன் வேலை முடிகிறது. அந்தச் செல்களே குறைந்துவிட்ட உடலில் தடையை நீக்கி யாரை அனுப்புவது?

நிணநீர் முடிச்சுகளும் கவனத்துக்குரியவை. கட்டியின் புரதங்களை டி செல்களுக்கு அறிமுகப்படுத்தும் இடம் அருகிலுள்ள முடிச்சுகள். நுண்ணிய பரவல் இருக்கலாம் என்பதால் கருப்பை வாய்ப் புற்றுநோயில் அந்த முடிச்சுகளுக்கும் சேர்த்தே கதிர் வைக்கிறோம். எலிகளில் கட்டிக்கு மட்டும் கதிர் வைத்ததையும், கட்டியோடு முடிச்சுகளுக்கும் வைத்ததையும் ஒப்பிட்ட 2018-ஆம் ஆண்டின் ஆய்வொன்றில், முடிச்சுகளும் கதிர் வாங்கியபோது இம்யூனோதெரபியின் பலன் மங்கியது. மனித உடலில் முடிச்சுகளை விட்டுவிடலாம் என்று இதிலிருந்து முடிவு செய்வது ஆபத்தானது. அங்கே புற்று ஒளிந்திருந்தால் அதுவே நோயைத் திருப்பிக் கொண்டுவரும்.

அளவைப் பற்றிய எலி ஆய்வுகளையும் அப்படியே நம் சிகிச்சை மேசைக்கு எடுத்துவர முடியாது. ஒரே தவணையில் 12 முதல் 18 கிரேக்கு மேல் போனால் ‘ட்ரெக்ஸ்1’ எனும் நொதி பெருகி, உட்பாய்மத்து டி.என்.ஏ. துண்டுகளைத் தின்று, எச்சரிக்கை எழாமல் செய்துவிடுகிறது என்று 2017-இல் காட்டினார்கள். ஆனால் பிராக்கிதெரபியில் ‘ஒரே அளவு’ என்பது கிடையாது. குறிப்பிட்ட புள்ளியில் ஒரு தவணைக்கு 7 கிரே என்று கணக்கிட்டால், மூலத்தை ஒட்டிய திசு அதைப் போலப் பல மடங்கு வாங்கும், சில சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் திசு அதில் சிறு பங்கே வாங்கும். ஒரே கட்டிக்குள் எச்சரிக்கை எழும் பகுதியும் அது அடங்கிப்போகும் பகுதியும் அடுத்தடுத்து இருக்க முடியும்.

மனிதர்களில் கிடைத்த சான்று

முன்பு பெற்ற கதிர் பின்னால் பெறும் இம்யூனோதெரபிக்குத் துணை நிற்கிறது என்ற நம்பிக்கைக்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது நுரையீரல் புற்றுநோய்ச் சோதனை ஒன்றின் மறுபகுப்பாய்வு. 2017-இல் ‘லான்செட் ஆன்காலஜி’ இதழில் வந்த அதில் 97 பேரின் விவரங்கள் இருந்தன. முன்பு எப்போதாவது கதிர் பெற்றவர்களின் இடைநிலை உயிர்வாழ்வு 10.7 மாதம், பெறாதவர்களுக்கு 5.3 மாதம். ஏறக்குறைய இரு மடங்கு. நுரையீரல் அழற்சியும் கதிர் பெற்றவர்களிடம் கூடுதலாக இருந்தது. இந்தக் கணக்கைக் கருப்பை வாய்க்கு அப்படியே பொருத்துகிறவர்கள் ஒரு வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள். மார்பில் சிறு பகுதிக்கோ மூளைக்கோ வைக்கும் கதிரும், மஜ்ஜையும் முடிச்சுகளும் குடலும் அடங்கிய முழு இடுப்புக்கு வைக்கும் கதிரும் எதிர்ப்பு மண்டலத்துக்கு ஒன்றல்ல.

கருப்பை வாய்ப் புற்றுநோயில் நேரடியான பெரிய சான்று மூன்று சோதனைகளிலிருந்து வருகிறது. கீநோட்-826 சோதனையில் 617 பெண்கள். கீமோவோடு பெம்புரோலிசுமாப் சேர்த்தபோது இடைநிலை உயிர்வாழ்வு 16.8 மாதத்திலிருந்து 26.4 மாதமாகக் கூடியது. இரண்டாவது, முன்பே பிளாட்டினம் மருந்து பெற்றும் நோய் முன்னேறிய 608 பெண்களிடம் செமிப்ளிமாபைக் கீமோவோடு ஒப்பிட்ட எம்பவர் சோதனை. உயிர்வாழ்வு 8.5 மாதத்திலிருந்து 12 மாதமானது. மூன்றாவதான பீட்-சிசி 410 பெண்களிடம் நடந்தது. கீமோ, கட்டியின் இரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பெவாசிசுமாப் ஆகியவற்றோடு அடெசோலிசுமாபைச் சேர்த்தபோது 22.8 மாதம் 32.1 ஆக நீண்டது. இந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது, பெண்களும் நோய்க்கட்டங்களும் வேறு. கீநோட்-826 சோதனையில் முன்பு கீமோவும் கதிரும் பெற்றவர்களைத் தனியாகப் பார்த்தபோதும், பெறாதவர்களைத் தனியாகப் பார்த்தபோதும் மருந்தின் பலன் தெரிந்தது. கதிர் வாங்கிய இடுப்பு இம்யூனோதெரபியைச் செல்லாததாக்கிவிடுவதில்லை. இப்போதைக்கு நம்பிச் சொல்லக்கூடிய முதல் முடிவு இது.

கதிரோடு சேர்த்தே மருந்து கொடுத்தால் என்னவாகும்? கால்லா சோதனையில் 770 பெண்களுக்குக் கதிர், சிஸ்பிளாட்டினோடு துர்வாலுமாப் சேர்க்கப்பட்டது, பலன் நிரூபணமாகவில்லை. கீநோட்-ஏ18 சோதனையில் 1,060 பெண்களுக்குப் பெம்புரோலிசுமாப் சேர்க்கப்பட்டது. மூன்றாண்டு உயிர்வாழ்வு 74.8 விழுக்காட்டிலிருந்து 82.6 ஆக உயர்ந்தது. ஒரே எண்ணம், அடிப்படையில் ஒரே சிகிச்சை, வேறு முடிவு. மருந்தின் இலக்கு வேறு என்பது ஒரு விளக்கம். இரண்டாவது சோதனையில் நோய் முற்றிய பெண்கள் கூடுதலாக இருந்தார்கள் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதே வலுவாகப் படுகிறது. எப்படியானாலும், கதிர் எதிர்ப்பாற்றலை எழுப்பும் என்ற ஆய்வகக் கொள்கை மட்டும் போதுமென்றால் இரண்டு சோதனைகளும் வென்றிருக்க வேண்டும்.

ஒப்பீடு எங்கே வழுக்குகிறது

மருத்துவமனைக் கோப்புகளைப் பின்னோக்கிப் புரட்டி, கதிர் பெற்றவர் ஒரு பக்கம், பெறாதவர் மறுபக்கம் என்று நிறுத்தி, மருந்து யாரிடம் நன்றாக வேலை செய்தது என்று பார்க்கும் ஆய்வுகளைப் படிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது இது: இந்த நோயில் கதிர் பெறாமல் இருப்பவர் யார்?

முதல்நாளே நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ எலும்புக்கோ நோய் பரவிய நிலையில் வந்த பெண் கதிர் பெற்றிருக்க மாட்டார். மிக ஆரம்ப நிலையில் அறுவை மட்டும் செய்து, பிறகு எதிர்பாராமல் நோய் திரும்பிய பெண்ணும் பெற்றிருக்க மாட்டார். இருவரும் ஒரே பிரிவில் அடைக்கப்படுகிறார்கள். ஒருவரின் நோய் மூர்க்கமானது, மற்றவருடையது பெரும்பாலும் மெதுவானது. எதிர்ப்பக்கத்தில் கதிர் பெற்றவர்கள் எல்லோரும் பெரும்பாலும் சிஸ்பிளாட்டினும் பெற்றவர்கள். வேறுபாடு தெரிந்தால் அது கதிரால் வந்ததா, சிஸ்பிளாட்டினால் வந்ததா, நோயின் குணத்தால் வந்ததா என்று பிரிக்க வழியில்லை.

காலமும் குழப்பும். சிகிச்சை முடிந்து மூன்றாண்டு கழித்து நோய் திரும்பிய பெண்ணுக்கும், நான்கே மாதத்தில் திரும்பிய பெண்ணுக்கும் ‘முன்பு கதிர் பெற்றவர்’ என்ற ஒரே முத்திரைதான் குத்தப்படுகிறது. முதலாமவரின் லிம்போசைட்டுகள் மீண்டிருக்கும், நோயும் நிதானமானது. இரண்டாமவருக்கு இரண்டும் எதிர். மீண்டு வந்த கருப்பை வாய்ப் புற்றுநோயில் கீமோ எவ்வளவு பலன் தரும் என்பதை முன்கணிக்க அமெரிக்கச் சோதனைகளின் தரவிலிருந்து 2010-இல் மூர் என்பவரின் குழு ஐந்து காரணிகளைத் தேர்ந்தெடுத்தது. உடல்நிலையோடு, கதிரோடு சேர்த்து முன்பு கீமோ பெற்றிருப்பது, நோய் இடுப்புக்குள்ளேயே திரும்புவது, முதன்முதல் கண்டறிந்து ஓராண்டுக்குள் திரும்புவது ஆகியவை அதில் இருந்தன. கதிரோடு தொடர்புடைய காரணிகள் மோசமான முன்கணிப்போடு ஏற்கெனவே பிணைந்திருக்கின்றன. அந்தப் பிணைப்பைப் பிரிக்காமல் இம்யூனோதெரபியின் தோல்வியைக் கதிரின் மேல் சுமத்தினால் அது நியாயமாகாது.

பி.டி.-எல்1 சோதனைக்கும் இந்தச் சிக்கல் உண்டு. மருந்து தரலாமா என்று தீர்மானிக்கத் திசுவைச் சோதிக்கிறார்கள். பெரும்பாலும் கையில் இருப்பது முதல்முறை, கதிருக்கு முன் எடுத்த திசுத்துண்டு. கதிர் அந்தக் கட்டியின் பி.டி.-எல்1 அளவை மாற்றியிருக்கக்கூடும் என்று ஆய்வகமே சொல்லும்போது, மாறுவதற்கு முந்தைய திசுவை வைத்து மாறிய நோய்க்கு மருந்தை முடிவு செய்கிறோம். மீண்டு வந்த கட்டியிலிருந்து புதிதாகத் திசு எடுப்பது நல்லது. இடுப்பின் பக்கச்சுவரை ஒட்டி, கதிரால் இறுகிப்போன திசுவுக்குள் இருக்கும் கட்டியை ஊசியால் எட்டுவது எல்லா மருத்துவமனைகளுக்கும் எளிதல்ல.

கட்டி எங்கே திரும்பியது

மீண்டு வரும் நோயை இடத்தால் பிரித்தால் படம் தெளிகிறது. கதிர் பாய்ந்த பரப்புக்கு வெளியே, உதாரணமாக நுரையீரலிலோ கழுத்து முடிச்சிலோ திரும்பிய கட்டி கதிரையே பார்த்ததில்லை. அதன் இரத்தக் குழாய்கள் நலமாக இருக்கின்றன, மருந்தும் டி செல்லும் அங்கே போய்ச் சேர முடியும். அந்தப் பெண்ணுக்கு முன்பு பெற்ற கதிரின் பாதிப்பு, லிம்போசைட் எண்ணிக்கை வழியாக மட்டுமே வருகிறது.

கதிர் பாய்ந்த பரப்புக்குள்ளேயே திரும்பிய கட்டி வேறு வகை. கதிரைத் தாங்கிப் பிழைத்த செல்களின் வாரிசு அது. அதைச் சுற்றிய திசுவில் டி.ஜி.எஃப்.-பீட்டா எனும் புரதத்தின் தூண்டலால் நார்த்திசு படர்ந்து, சிறு இரத்தக் குழாய்கள் அடைபட்டு, ஆக்சிஜன் குறைந்திருக்கும். டி செல்கள் அங்கே நுழைவதே கடினம். நுழைந்தாலும் அச்சூழல் அவற்றைச் சோர்வடையச் செய்யும். இந்த இரண்டு பெண்களையும் ஒரே எண்ணுக்குள் அடைக்கும் ஆய்வால் யாருக்கும் பயனில்லை.

இடத்தைப் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு. பெவாசிசுமாபைக் கீமோவோடு சேர்த்துச் சோதித்த ஜி.ஓ.ஜி.-240 ஆய்வின் 2017 இறுதி அறிக்கையில், அந்த மருந்து பெற்ற 220 பெண்களில் 32 பேருக்குக் குடலுக்கும் பிறப்புறுப்புப் பாதைக்கும் இடையிலோ, சிறுநீர்ப்பைக்கும் அதற்கும் இடையிலோ துளை விழுந்தது. அந்த 32 பேரும் முன்பு கதிர் பெற்றவர்கள். கீநோட்-826 சோதனையிலும் பெரும்பாலான பெண்களுக்குப் பெவாசிசுமாப் கொடுக்கப்பட்டது. மலமோ சிறுநீரோ கட்டுப்பாடின்றிக் கசியும் நிலையில் ஒரு பெண் கிராமத்து வீட்டில் வாழ்வது எத்தகைய துயரம் என்பதை உயிர்வாழ்வு மாதங்களின் கணக்கு காட்டாது. முழு இடுப்பும் கதிர் வாங்கி, நோயும் அங்கேயே திரும்பிய பெண்ணுக்குப் பெவாசிசுமாபைச் சேர்க்கும் முன் இந்தச் செய்தியை அவரிடமும் குடும்பத்தாரிடமும் தமிழில் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

வயிற்றுப்போக்கும் அப்படிப்பட்ட ஒன்று. கதிர் பட்ட குடலில் நாட்பட்ட வயிற்றுப்போக்கும் இரத்தக் கசிவும் பலருக்கு உண்டு. எதிர்ப்பாற்றல் மருந்தும் குடல் அழற்சியை உண்டாக்கும். அதற்கு உடனே ஸ்டீராய்டு தர வேண்டும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. ‘கரண்ட் வைத்ததிலிருந்தே இப்படித்தான்’ என்று பழகிப்போன பெண் புதிய ஆபத்தையும் பழைய தொல்லை என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிடுவார். மருந்து தொடங்கும் முன் ஒரு நாளைக்கு எத்தனை முறை போகிறார் என்று கேட்டு எழுதி வைத்தால், பிறகு எண்ணிக்கை கூடும்போது வேறுபாடு தெரியும்.

கருப்பை அகப் புற்றுநோய் குறித்து ஒரு குறிப்பு

கருப்பையின் உட்சுவரில் வரும் புற்றுநோயில் முதல் சிகிச்சை அறுவை. அதன் பிறகு சிலருக்குக் கதிரே வைப்பதில்லை, சிலருக்கு யோனியின் மேற்பகுதிக்கு மட்டும், சிலருக்கு முழு இடுப்புக்கும் வைக்கிறார்கள். கதிரின் பரப்பால் ஏற்படும் வேறுபாட்டை ஒப்பிட்டறிய இந்நோய் இயல்பாகவே இடம் தருகிறது. ஆனால் அங்கே வேறொரு காரணி எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. டி.என்.ஏ. பொருத்தப் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் இல்லாத கட்டிகளில் எதிர்ப்பாற்றல் மருந்து மிகச் சிறப்பாக வேலை செய்கிறது. 2023-இல் வெளியான ரூபி சோதனையில் இவ்வகைக் கட்டி கொண்ட பெண்களில் இரண்டாண்டு முடிவில் நோய் முன்னேறாமல் இருந்தோர், கீமோ மட்டும் பெற்றவர்களில் 15.7 விழுக்காடு, பி.டி.-1 ஐ மறிக்கும் டோஸ்டார்லிமாபும் சேர்த்துப் பெற்றவர்களில் 61.4 விழுக்காடு. இங்கே முதலில் பார்க்க வேண்டியது கட்டியின் மூலக்கூறு வகை. கதிரின் வரலாறு அதற்குப் பின்னால்தான்.

அடையாற்றில் ஒரு முயற்சி

மீண்டு வந்த கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எதிர்ப்பாற்றலைத் தூண்டிப் பார்க்கும் முயற்சி இறக்குமதி மருந்துகளோடு தொடங்கவில்லை. அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2014-இல் ஒரு சிறு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பங்கேற்றவர்கள் 14 பெண்கள், மூன்று பிரிவுகள். ஒரு பிரிவுக்கு உப்புநீர். இன்னொன்றுக்கு, அந்நியப் புரதத்தை டி செல்களுக்குக் காட்டும் டென்ட்ரிட்டிக் செல்கள், அவர்கள் இரத்தத்திலிருந்தே வளர்த்தவை. மூன்றாவதற்கு, நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த சாற்றை ஊட்டிப் பழக்கிய அதே செல்கள். அதன்பின் சிஸ்பிளாட்டின். கட்டிச்சாறு ஊட்டிய செல்களைப் பெற்ற ஒரு பெண்ணின் நோய் முற்றிலும் மறைந்து, 72 மாதங்களுக்கு மேல் திரும்பவில்லை.

ஒற்றை நோயாளியின் அதிசயத்தை நம்பாதே என்று மேலே எழுதிய நான் இதற்கும் அதே அளவுகோலையே வைக்கிறேன். பதினான்கு பேரில் ஒருவர் என்பது சிகிச்சையின் பலனை நிறுவாது. அந்தச் சோதனை நடந்தது பாதுகாப்பைப் பார்க்கத்தான். ஆனாலும் அது ஒன்றைக் காட்டுகிறது. முற்றிய நிலையில் வந்து, சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பிய தமிழ்நாட்டுப் பெண்களிடம் எதிர்ப்பாற்றல் ஆய்வை இங்கேயே வடிவமைத்து, இங்கேயே செல்களை வளர்த்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடரவும் முடிந்திருக்கிறது.

அளவும் விலையும்

பெம்புரோலிசுமாபின் வழக்கமான அளவு மூன்று வாரத்துக்கு 200 மில்லிகிராம், இரண்டு ஆண்டுவரை 35 தவணை. முந்திரி உடைக்கும் கூலியில் வாழும் குடும்பத்துக்கு முதல் தவணையே எட்டாத தொலைவு. 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில் துர்வாலுமாப் உள்ளிட்ட மூன்று புற்றுநோய் மருந்துகளுக்கு ஒன்றிய அரசு சுங்க வரியை நீக்கியது. வரவேற்கத்தக்கது, ஆனால் வரி மட்டும் போனால் இந்த விலை சாமானியருக்கு எட்டிவிடாது.

எட்ட வைக்கக்கூடிய வழியை டாட்டா நினைவு மருத்துவமனை காட்டியது. முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் வாய்வழிக் குறைந்த அளவுக் கீமோவோடு நிவோலுமாபை மூன்று வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராம் சேர்த்துப் பார்த்தார்கள். வழக்கமான அளவு இரு வாரத்துக்கு 240 மில்லிகிராம். 2023-இல் வெளியான முடிவில், ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் பங்கு 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 ஆக உயர்ந்திருந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோயில் இதே அளவு போதுமா என்பதைத் தனிச் சோதனையால்தான் நிறுவ வேண்டும். அத்தகைய சோதனையை நடத்தப் பொருத்தமான இடம் தமிழ்நாடு. ஏழாண்டுகள் பின்தொடர்ந்து, வினிகர் அமிலத்தைத் தடவிப் பார்க்கும் எளிய பரிசோதனை இந்நோயால் வரும் இறப்பை 35 விழுக்காடு குறைத்ததைத் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் நிறுவி, 2007-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட மாநிலம் இது.

கருப்பை வாய்ப் புற்றுநோயில் அந்தக் குறைந்த அளவுச் சோதனை நடந்தால், பெண்களைப் பிரிவுகளில் சேர்க்கும்போதே கதிரின் வரலாற்றைக் கணக்கிலெடுக்க வேண்டும். நோய் திரும்பியது கதிர்ப்பரப்புக்கு உள்ளேயா வெளியேயா, கடைசிக் கதிருக்கும் நோய் திரும்பியதற்கும் இடையே எத்தனை மாதம், மருந்து தொடங்கும் நாளில் லிம்போசைட் எண்ணிக்கை என்ன. இவற்றுக்குப் புதிய கருவியோ புதிய பணமோ தேவையில்லை. லிம்போசைட் எண்ணிக்கை, சாதாரண இரத்தப் பரிசோதனைத் தாளிலேயே அச்சாகி வருகிறது. யாரும் அதை வட்டமிட்டுப் பார்ப்பதில்லை.

மற்றவை கதிர்வீச்சுத் துறையின் கணினியில் இருக்கின்றன. சிகிச்சை முடிந்த நாளில் பெண்ணின் கையில் தரும் தாளில் ‘கதிர் சிகிச்சை முடிந்தது’ என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிடாமல், வெளிக்கதிரின் மொத்த அளவு, தவணைகள், மேல் எல்லை எந்த முதுகெலும்பு வரை, முதுகை ஒட்டிய முடிச்சுகளும் சேர்ந்தனவா, பிராக்கிதெரபியின் ஒவ்வொரு தவணை அளவும் தேதியும், சிஸ்பிளாட்டின் எத்தனை முறை ஏறியது, தொடக்க நாள், முடிந்த நாள் ஆகியவற்றை எழுதித் தர வேண்டும். முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சுக்குப் பணம் கோரும்போது மருத்துவமனைகள் சிகிச்சை விவரங்களை எப்படியும் பதிவு செய்கின்றன. அந்தப் பதிவோடு இந்த விவரங்களையும் சேர்த்து, ஒரு நகலை நோயாளிக்கும் கொடுப்பதைக் கட்டாயமாக்க அரசாணை ஒன்று போதும்.

இன்னும் சில ஆண்டுகளில் இந்தத் தாளில் இன்னொரு வரியும் சேர வேண்டியிருக்கும். கீநோட்-ஏ18 முடிவுக்குப் பிறகு, வசதியுள்ள மருத்துவமனைகளில் முதல் சிகிச்சையிலேயே கதிரோடு பெம்புரோலிசுமாபைச் சேர்க்கிறார்கள். அவர்களில் நோய் திரும்பும் பெண்களுக்கு அதே வகை மருந்தை மறுபடி தருவதில் பயன் உண்டா என்ற கேள்வி காத்திருக்கிறது. கதிர், எதிர்ப்பாற்றல் மருந்து ஆகிய இரண்டையும் முன்பே பெற்ற பெண், இதுவரை மேலே பேசிய எந்தச் சோதனையிலும் இடம்பெறாதவர்.